போதும் என்று சொல்லும் வரை

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

டக். டக். அப்புறம் ரப்பர் ஷூ ஒன்று வழவழப்பான தரையில் தேய்கிற சின்னக் கீச்சு.

பாப்பா எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. குளியலறை வாளி, கை கழுவுகிற தொட்டி, பின்ஜன்னலுக்கு வெளியே இறங்குகிற பிளாஸ்டிக் குழாய் என்று ஒரு சுற்று பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் தண்ணீர் வருவதே காலையில் ஒரு மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் சொட்டுவதற்கு யார் வீட்டுக் குழாயிலும் ஒன்றும் மிச்சம் இருக்காது. வெளியே மழையும் இல்லை. கீழ்வீட்டு டிவிகூட ஓய்ந்து, எல்லோரும் தின்றுவிட்டு உருண்டு கிடக்கிற நேரம்.

முன்னறையிலிருந்து ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று எப்போதும் வருகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அது அப்பாவின் மூச்சு. மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர்கள் அவர் தொண்டையிலிருந்த கட்டியோடு குரலையும் சேர்த்து அறுத்து எடுத்துவிட்டார்கள். கழுத்துக் குழியில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஓர் ஓட்டை, அதன்மேல் மெல்லிய துணி. மூச்சு போவதும் வருவதும் அந்த வழியாகத்தான். ஆரம்பத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு மாதம் தூக்கம் கெட்டவள், இப்போது அது கேட்டால்தான் கண்ணை மூடுவாள். அப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இரண்டு முறை கை தட்டுவார், நோட்டில் எழுதிக் காட்டுவார். அவ்வளவுதான் வீட்டின் பேச்சுவார்த்தை.

அவளுக்கு வயது இருபத்தொன்று. ஆனாலும் அவருக்கு அவள் பாப்பாதான், நோட்டில் எழுதும்போதும்.

பத்திரிகைப் படிப்பு படிக்கிறாள். தீராத வழக்கு ஒன்றைத் தேடி, இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, பத்து நிமிஷ ஒலி நிகழ்ச்சியாகச் செய்துவர வேண்டும் என்பது வகுப்பு வேலை. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். காணாமல் போன சிலை, எரிந்த குடோன் என்று மற்றவர்கள் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டார்கள். பாப்பா எடுத்துக்கொண்டது உளியின் கொலையை.

உளி என்றால் அப்போது எல்லோருக்கும் தெரியும். ராப் பாடகன். ஒவ்வொரு சொல்லும் கல்லைச் செதுக்குகிற மாதிரி விழும் என்பதால் அந்தப் பட்டப்பெயர். யாரையும் விட்டுவைத்தவன் இல்லை, பெரிய மனிதர்களைப் பெயர் சொல்லியே பாட்டில் கிழித்தான். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், பாட்டு ஒன்றைப் பதிவு செய்து முடித்த கையோடு, ஸ்டுடியோவின் பின்படிக்கட்டில் கத்திக்குத்துப்பட்டுக் கிடந்தான். போலீஸ் நாலு பேரைக் கூட்டிப் போய் நாலு பேரையும் திருப்பி அனுப்பியது. ரசிகர்கள் வருஷா வருஷம் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், அதைப் படம் பிடித்தார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அழுவதற்கு ஆள் இருந்தது, சாட்சி சொல்ல ஆள் இல்லை.

அன்று ஸ்டுடியோவில் அவனோடு இருந்தது ஒரே ஒரு ஆள். ஒலிப்பதிவு செய்கிற சவுண்டுக்காரர். பாப்பாவின் அப்பா.

"பாட்டு முடிஞ்சுது, அவன் கதவத் தெறந்துட்டுப் போனான், எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்று அவர் போலீசில் சொன்னார். பதிவின் நகலையும் கொடுத்தார். போலீஸ் ஒத்துக்கொண்டது. ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பாப்பாவுக்கு மூன்று வயது இருக்கும்போது அம்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு, "இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில், கல்லூரியில், மூன்றாம் மாடி ஏறுகிற படிக்கட்டில், எல்லா இடத்திலும் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்தி, உங்கப்பாவுக்குத் தெரியாமலா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அதைத் தீர்த்துவிட வேண்டும் என்பதற்காகவே பாப்பா அந்த வழக்கை எடுத்தாள். அப்பாவின் பழைய ஹார்ட் டிஸ்க் அலமாரியில் துணி சுற்றிக் கிடந்தது. அசல் பதிவுகள் எல்லாம் அதில் இருந்தன. அப்பா சுத்தமான ஆள் என்று அது சொல்லிவிடும். அவளுக்கு இருப்பது அந்த ஒரு ஆள்தான்.

டக். டக். கீச்.

அவள் மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

சவுண்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டு முடிந்ததும் பாடுகிற அறையின் வெறும் மௌனத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்துகொள்வார்கள். இருமல், பெருமூச்சு என்று எதையாவது பின்னால் வெட்டி எடுத்தால் அங்கே பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அதே அறையின் மௌனத்தால் ஒட்டுப் போட்டு மூட வேண்டும், இல்லாவிட்டால் காது கண்டுபிடித்துவிடும். அந்த ஒரு நிமிஷம் பாடகன் மைக் முன்னால் சிலையாக நிற்க வேண்டும். அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்துக்கொள்வார். நிமிஷம் முடிந்ததும் "போதும்" என்பார், கை இறங்கும், பாடகன் மூச்சு விடுவான். அம்மா வீட்டில் இருந்த நாட்களில் அவளோடு அதை விளையாட்டாகவே விளையாடியிருக்கிறார். அவர் கையைத் தூக்கினால் அவள் இருக்கிற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். ஒற்றைக் காலில், வாயில் சோற்றோடு, எப்படியானாலும் சரி. "போதும்" என்ற சொல் வருகிறவரை நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும். வந்ததும் வருகிற சிரிப்பு மாதிரி ஒரு சிரிப்பு அதற்கப்புறம் அவளுக்கு வாய்க்கவில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் உளியின் பதிவுகள் நாற்பது இருந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் அந்த மௌனம்.

"மூச்சுகூட விடாதடா. நான் போதும்னு சொல்ற வரைக்கும் அசையாத."

"மூச்சு விடாட்டி செத்துருவேண்ணே."

"ஒரு நிமிஷத்துல யாரும் சாவ மாட்டான். நில்லு."

சிரிப்பு. மௌனம். பிறகு "போதும்." அப்பாவின் குரல். வெல்லப்பாகு மாதிரி கனமான குரல். மூன்று வருஷம் கழித்து அதைக் கேட்டபோது அவள் கன்னம் நனைந்துவிட்டது.

நாற்பதாவது பதிவு, கடைசி நாள். பாட்டு புதுசு, எங்கும் வெளிவராதது. அதில் உளி வேறு யாரையும் திட்டவில்லை, அப்பாவைத்தான் திட்டினான்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு செவிட்டுக் காது, நான் கத்துனாத்தான் அதுக்குத் தெரியும் நான் உசுரோட இருக்கறது."

பாட்டு முடிந்தது. "அசையாதடா. நான் போதும்னு சொல்ற வரைக்கும்." அப்பாவின் குரலில் சிரிப்பு இல்லை. பிறகு மௌனம். ஏ.சி.யை நிறுத்திவிட்டதால் அதன் குழாயில் தண்ணீர் சொட்டியது. டக். டக். நிற்கிறவனின் ஷூ லேசாகக் கீச்சிட்டது. பதினொரு விநாடி. மறுபடியும் டக், டக், கீச். மறுபடியும் பதினொரு விநாடி.

காலையில் முதல் தடவை கேட்டபோதே அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒரே மௌனம் இரண்டு தடவை வராது என்று சொல்லிக் கொடுத்தவரே அப்பாதான். ஒரு மனிதனின் ஷூ, ஒரு மயிரிழை பிசகாமல், ஆறு தடவை ஒரே மாதிரி கீச்சிடாது. திரையில் ஒலிக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒட்டு. முதல் பதினொரு விநாடி மட்டும் நிஜம். மிச்சம் அத்தனையும் அதையே வெட்டி வெட்டி ஒட்டியது. அதற்குக் கீழே இருந்ததை யாரோ எடுத்துவிட்டார்கள்.

கடைசியில் கதவு திறக்கிற சத்தம். அத்தோடு சரி.

"போதும்" இல்லை.

போன் அதிர்ந்தது. கூட்டாளி ஒட்டடைக்கொம்பு. ஆள் அவ்வளவு உயரம், குரலும் அப்படித்தான், கூரையைத் தட்டும்.

"என்னடி பண்ற? அசலை அனுப்பச் சொல்லி எத்தன தடவ கேக்கறது?"

"வேலை நடக்குதுடி."

"நீ அனுப்புன துண்டுலாம் கேட்டேன். எல்லாத்துலயும் உங்கப்பா போதும்னு முடிக்கறாரு. கடைசி நாள்ல மட்டும் சொல்லாமலா விட்டாரு? அதானேடி நம்ம நிகழ்ச்சியோட முடிவே. அந்தச் சொல்லு இருந்தா மனுஷன் அவனை நல்லபடியா அனுப்பிவச்சாருன்னு அர்த்தம். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"நீயே சொல்லு. உங்கப்பாதான."

"இருக்கு. ராத்திரிக்குள்ள அனுப்பறேன்."

வைத்துவிட்டாள். வீட்டுக்குள் எங்கோ, டக். டக்.

கீச்.

பதினொரு விநாடி எண்ணினாள். எண்ணியிருக்கக் கூடாது.

டக்.

முன்னறைக்குப் போனாள். அப்பா மர நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆள் பிடிக்காமல் அதிலிருந்து எழுவது அவருக்குப் பெரும்பாடு. மடியில் நோட்டு. அவள் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, திரையில் இருந்த ஐந்து ஒட்டுகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இதுக்குக் கீழ என்னப்பா இருந்துச்சு?"

அவர் திரையைப் பார்க்கவில்லை. சொட்டுகிற திசையைப் பார்த்தார். அந்தத் திசையில் வெறும் சுவர்தான் இருந்தது.

"உங்களுக்கும் கேக்குதாப்பா?"

அவர் பேனாவை எடுத்தார். நிற்காமல் எழுதினார், ரொம்ப நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து எழுதுகிறவர் மாதிரி.

'தெனமும் கேக்குது. பதினெட்டு வருசமா.'

'ரெண்டு பேரு வந்தானுங்க. பாட்டு முடிஞ்சதும் அவன அசையாம நிக்க வையி, பின்கதவத் தெறந்து வையி, அது போதும்னானுங்க. ரெண்டு அற விடுவானுங்கன்னு நெனச்சேன். என்னைச் செவிடன்னு பாடுனவன். வாங்கட்டும்னு நெனச்சேன்.'

'முதுகு கதவுப் பக்கம். காதுல ஹெட்போன். என் கையத்தான் பாத்துட்டு இருந்தான்.'

பேனா நின்றது. ஸ்ஸ்... ஸ்ஸ்... கழுத்துத் துணி உள்ளே போய் வெளியே வந்தது.

'குத்திட்டுத்தான் பின்படிக்கட்டுல கொண்டு போட்டானுங்க. குத்துறப்பவும் அசையல. நான் கைய எறக்கலன்னு.'

பாப்பா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்த வேண்டும் போல இருந்தது, யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை. ஊர் சொன்னது சரி. அம்மா போனது சரி. அத்தனை பேரோடும் சண்டை போட்ட இவள்தான் முட்டாள். நாளைக்கு வகுப்பில் நாற்பது பேருக்கு முன்னால் அது ஒலிக்கும். அதற்கப்புறம் போலீஸ் வரும், இந்தக் கிழவரை இரண்டு பக்கமும் பிடித்து மூன்று மாடி இறக்கும், அவர் தன் பக்கத்தைச் சொல்வதற்குக்கூட ஒரு நோட்டு வேண்டும். இவரா அவனைக் கொன்றார்? கையைத்தான் தூக்கினார். இல்லை, கொன்றார். இல்லை.

அப்பா. இவர் அப்பா.

எழுந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்காமல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் போதும்தான் இல்ல. நான் முடிச்சு வைக்கறேன்" என்றாள். "உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதான."

உள்ளறையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். முப்பத்தொன்பது "போதும்" இருந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்றில் இருமல் இருந்தது, ஒன்றில் சிரிப்பு. பன்னிரண்டாவது சரியாக இருந்தது, நிதானமாக, கொஞ்சம் களைப்பாக. அதை வெட்டினாள். ஐந்து ஒட்டுகளின் ஓரங்களையும் இழைத்து, ஒரு கீச்சைத் தள்ளிவைத்து, ஒரு சொட்டை எடுத்துவிட்டு, யாருடைய காதும் கண்டுபிடிக்காதபடி மௌனத்தைப் புதுசாக நெய்தாள். அப்பாவைவிட நன்றாகவே செய்தாள் என்று சொல்ல வேண்டும். எங்கோ யாரோ கை தட்டுகிற மாதிரி இருந்தது. இரண்டு தட்டு. மறுபடியும் இரண்டு. பழைய பதிவில் எங்காவது இருக்கும் என்று நினைத்தாள். மறுபடியும். வேகமாக. கதவுச் சத்தத்துக்கு முன்னால் இருந்த இடத்தில் "போதும்" என்ற சொல்லை வைத்து ஒட்டினாள்.

ஜன்னலில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விளக்கைப் போடவில்லை. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, ஒருமுறை வெளியில் ஓடவிட்டாள். முன்னறையில் இருப்பவரும் கேட்கட்டும். முடிந்தது என்று தெரிந்துகொள்ளட்டும்.

"அசையாதடா. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

முன்னறையில் நாற்காலி தடதடத்தது. எழுந்திருக்கப் பார்க்கிறார்.

டக். டக்.

லேப்டாப்பிலிருந்து ஒன்று. சுவரிலிருந்து ஒன்று.

கீச்.

இரண்டும் சேர்ந்துகொண்டன.

கை தட்டல். தட்டல். தட்டல்.

"போதும்."

மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டில் அப்பா பேசினார்.

சொட்டுவது நின்றது. எல்லாமே நின்றது. அப்புறம் யாரோ மூச்சு விட்டார்கள்.

நீளமாக. ரொம்ப நீளமாக. நெஞ்சின் அடிவரை அடைத்து வைத்திருந்ததை வெளியே தள்ளுகிற மூச்சு, அது முடிவதாகவே இல்லை. பூசணம் பிடித்த கம்பள வாடை, நின்றுபோன ஏ.சி.யின் வாடை, துருப்பிடித்த இரும்பின் வாடை எல்லாம் அதோடு வந்து அறையில் நிறைந்தன. பாப்பாவின் நெற்றியில் முடி அசைந்தது.

கீச்.

பதினொரு விநாடி ஆகவில்லை.

கீச். கீச்.

அது நின்ற இடத்தில் தேயவில்லை. நடந்தது.

உள்ளறையைத் தாண்டி. முன்னறைக்கு.

"அப்பா!"

ஓடினாள். கால் நோட்டில் இடறியது. தரையில் விரிந்து கிடந்தது, பெரிய எழுத்தில், பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது.

'சொல்லிடாத பாப்பா. கொரல் இருந்தப்பகூட பயந்துதான் சொல்லல. சொன்னா நகருவான்.'

அப்பா அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் தட்டுவதற்காகத் தூக்கியபடி, ஒன்றையொன்று தொடாமல். ஒரு குதிகால் தரையில் படவில்லை. ஜன்னலைப் பார்த்து நின்றார்.

ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று.

ஸ்ஸ்... இல்லை.

கழுத்துத் துணி தட்டையாகக் கிடந்தது. உள்ளே போகவில்லை. வெளியே வரவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். கல். விரல் கல், முழங்கை கல். கண் மட்டும் உயிரோடு இருந்தது. கண் மட்டும் நனைந்து, அவளிடம் போய், ஜன்னலுக்குப் போய், அவளிடம் வந்தது.

உள்ளறையில் லேப்டாப் தானாகப் பேசியது. இளைய குரல். அவசரமே இல்லாத குரல்.

"ஒரு நிமிஷத்துல யாரும் சாவ மாட்டாங்கண்ணே. நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மூன்றாம் மாடி. வெளியே நிற்க ஓர் ஓரம்கூடக் கிடையாது. கண்ணாடியில் இருட்டு ஏறியிருந்தது. அந்த இருட்டில், அந்தப் பக்கத்திலிருந்து, ஓர் உள்ளங்கை. விரல்களை விரித்து, கண்ணாடியில் அப்பிக்கொண்டு, வெளுத்து.

"போதும்" என்றாள் பாப்பா.

அப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"போதும். போதும்பா. போதும்ணே. போதும்."

கை இறங்கவில்லை.